விடுபட்ட பிள்ளையைத் தேடி: போலியோ முகாமை முதன்முறையாக ஒருங்கிணைப்பவருக்கு

உங்கள் பகுதியில் போலியோ வைரஸ் இருப்பதாக ஆய்வகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. சொட்டு மருந்து முகாமை ஒருங்கிணைக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்த வேலையை நீங்கள் இதற்குமுன் செய்ததில்லை. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எண்ணை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: 200. போலியோ வைரஸ் தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் மீளாத வாதம் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும். அப்படியானால் ஒரு குழந்தையின் கால் துவண்டுவிட்டது என்று செய்தி வரும்போது, அந்தக் குழந்தையைச் சுற்றிக் குறைந்தது சில நூறு பேர் வைரஸைக் குடலில் சுமந்தபடி ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள். வாரக்கணக்கில் மலத்தின் வழியே அதை வெளியேற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அந்தப் பகுதியில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும், குறுகிய காலத்துக்குள், ஒரே வீச்சில் மருந்து கொடுத்துவிட வேண்டும். முகாம் என்று ஒன்று நடத்துவதே இதற்காகத்தான்.

முகாம் நடக்கும் நாட்களில் மேலதிகாரிகள் முதல் செய்தியாளர்கள் வரை எல்லாரும் உங்களிடம் கேட்கப்போவது ஒரே கேள்வி: "இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள்?" பதில் சொல்லுங்கள், தப்பில்லை. உங்கள் குழுக்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "யார் விடுபட்டார்கள், ஏன்?" 10,000 பிள்ளைகள் உள்ள ஓர் ஊரில் ஒவ்வொரு சுற்றிலும் 9,000 பேருக்குப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் விடுபடுகிறவர்கள் வேறு வேறு பிள்ளைகள் என்றால் மூன்று சுற்றில் ஏறக்குறைய எல்லாரையும் தொட்டுவிடுவீர்கள். மூன்று சுற்றிலும் அதே 1,000 பேர்தான் விடுபட்டார்கள் என்றால், வைரஸ் அந்த ஆயிரம் பேருக்குள் சுகமாகக் குடியிருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஆயிரம் பேரைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

முதல் 72 மணி நேரம்

ஆய்வக முடிவு கையில் வந்ததும் பார்க்க வேண்டியது, எந்த வகை வைரஸ் என்பது. போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. இயற்கையில் இருந்த இரண்டாம் வகை கடைசியாக 1999இல் இந்தியாவில் காணப்பட்டது. அது ஒழிந்துவிட்டதாக 2015இல் அறிவித்தார்கள். மூன்றாம் வகை 2012இல் நைஜீரியாவில் கடைசியாகத் தென்பட்டது. 2019இல் அதுவும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. முதல் வகை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வெகுதூரமும் போகும்: 2022இல் மலாவியிலும் மொசாம்பிக்கிலும் கண்டறியப்பட்டது பாகிஸ்தானிலிருந்து வந்த வைரஸ்தான்.

இது தவிர இன்னொரு ரகம் இருக்கிறது. புதியவர்களை அதிகம் குழப்புவதும் இதுதான். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அதுவும் மலத்தில் வெளியேறும். சுற்றியுள்ள பிள்ளைகளில் பலர் தடுப்பு மருந்து பெற்றிருந்தால் அத்தோடு அடங்கிவிடும். பலர் பெறாத இடமாக இருந்தால், ஆள் மாறி ஆள் மாறி நீண்ட காலம் பரவி, படிப்படியாக மாற்றமடைந்து, வாதம் உண்டாக்கும் வலிமையைத் திரும்பப் பெற்றுவிடக்கூடும். மருந்துவழி வைரஸ் என்பது இதுதான். பெற்றோர் இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். மருந்து பெற்ற பிள்ளைகள் அதிகம் உள்ள ஊரில் இது கிளம்புவதில்லை, விடுபட்ட பிள்ளைகள் நிறைந்த ஊரில்தான் கிளம்புகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வகையைப் பொறுத்து மருந்து மாறும். முதல் வகைக்கு, 1, 3 ஆகிய இரண்டு வகைகளையும் தடுக்கும் இருவகைச் சொட்டு மருந்து. மருந்துவழி இரண்டாம் வகைக்கு என்ஓபிவி2 எனப்படும் புதிய மருந்து. பழையதைப்போல எளிதில் வலிமையைத் திரும்பப் பெறாதபடி மரபணுவிலேயே நிலைப்படுத்தப்பட்டது. 2020 நவம்பரில் அவசரகால அனுமதி கிடைத்து, 2021 மார்ச்சில் முகாம்களில் பயன்பாட்டுக்கு வந்தது. இந்த மருந்து உலக அளவிலான தனி இருப்பில் இருக்கிறது. அதைப் பெற உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநருடைய ஒப்புதல் வேண்டும். அந்த விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். 2016 ஏப்ரலில் உலகெங்கும் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகையை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் குடலில் இரண்டாம் வகைக்கு எதிர்ப்பு இல்லை. அதனால்தான் இந்த வகை புகுந்தால் வேகமாகப் பரவுகிறது.

"எல்லாருக்கும் ஊசியே போட்டுவிடலாமே" என்று யாராவது கேட்பார்கள். ஊசி, போட்ட குழந்தையை வாதத்திலிருந்து நன்றாகக் காக்கும். குடலில் வைரஸ் பெருகுவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. பரவலை அறுக்க வேண்டுமென்றால் குடலில் எதிர்ப்பை உண்டாக்கும் சொட்டு மருந்துதான் வேண்டும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: இந்த வைரஸ் எவ்வளவு காலமாகப் பரவிக்கொண்டிருக்கிறது? அதன் மரபணு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் மாறும். முன்பு கிடைத்த வைரஸோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் கண்ணில் படாமல் சுற்றியது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்று பதில் வந்தால், உங்கள் கண்காணிப்பில் பெரிய ஓட்டை இருக்கிறது. வைரஸ் இப்போது அந்த ஒரு கிராமத்தில் மட்டும் இருக்க வாய்ப்பில்லை. முகாமின் எல்லையைப் பெரிதாக வரையுங்கள்.

உலகளவில் பின்பற்றும் கால அளவு இது: 72 மணி நேரத்துக்குள் ஆபத்து மதிப்பீடு, 14 நாட்களுக்குள், தேவையென்றால், வைரஸ் கிடைத்த இடத்தைச் சுற்றி ஒரு சிறு முதற்சுற்று, 28 நாட்களுக்குள் முதல் பெரிய சுற்று, பிறகு குறைந்தது இன்னொரு பெரிய சுற்று. என்ஓபிவி2 என்றால் சுற்றுகளுக்கு இடையே 4 வாரம் விடுகிறார்கள்.

யாருக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வழக்கமாக 5 வயதுக்கு உட்பட்டவர்கள். வாதம் வந்தவர்களின் வயதைப் பாருங்கள்; பெரிய பிள்ளைகளும் இருந்தால் வயதை உயர்த்தியாக வேண்டும். 2010இல் தஜிகிஸ்தானில் 450க்கும் மேற்பட்டோருக்கு வாதம் வந்தபோது 15 வயது வரை கொடுக்க நேர்ந்தது. 2024இல் காசாவில் 10 வயது வரை கொடுத்தார்கள்.

ஒரே மேசை

சுகாதாரத் துறை, உள்ளாட்சி, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ரோட்டரி, தொண்டு அமைப்புகள் என்று பலர் வருவார்கள். ஆளுக்கொரு பட்டியல், ஆளுக்கொரு வாட்ஸ்அப் குழு என்று விட்டால் வேலை சிதறிவிடும். ஓர் அறை, ஒரு பொறுப்பாளர், ஒரே திட்டம். நைஜீரியா 2012இல் போலியோவுக்கென்று அவசரச் செயல்பாட்டு மையத்தை இப்படித்தான் அமைத்தது. 2014இல் லாகோசுக்கு எபோலா வந்தபோது அந்த மையத்தில் பழகிய ஆட்களையே இறக்கி, சில மாதங்களில் அதைக் கட்டுப்படுத்தினார்கள். மருந்தும் குளிர்பதனமும், திட்டமிடல், மக்கள் தொடர்பு, கண்காணிப்பு, பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒருவர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு பெயர் இருந்தால் வேலை நடக்காது.

நுண்திட்டம்: முகாமின் பாதி வெற்றி இங்கேதான்

மைக்ரோபிளான் என்று எல்லாரும் சொல்லும் நுண்திட்டத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து போட முடியாது. போன முறை போட்ட தாளில் தேதியை மாற்றி அனுப்பும் பழக்கம் பரவலாக உண்டு. அதை முதல் நாளிலேயே தடுத்துவிடுங்கள்.

தொடக்கம் எண்ணிக்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, முந்தைய முகாம்களில் மருந்து பெற்றவர்கள், ஊர்த் தலைவர் சொல்லும் எண், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் வீடுகள் என்று நான்கு இடத்தில் நான்கு எண் கிடைக்கும். மருந்து கேட்கும்போது இவற்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் முடிந்து "எங்கள் பகுதியில் 108 சதவீதம்" என்று யாராவது மகிழ்ச்சியோடு வந்தால் அதைச் சாதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கும் பிள்ளைகளின் கணக்கு தவறு என்பதற்கான சாட்சி அது. அதற்கடியில் விடுபட்ட ஒரு குடியிருப்பே ஒளிந்திருக்கலாம்.

அடுத்தது வரைபடம். ஒவ்வொரு குழுவின் பகுதியையும் மேற்பார்வையாளர் காலால் நடந்து எல்லை வகுக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். வரைபடத்தில் ஒரு வாய்க்கால். அதுதான் இரு குழுக்களுக்கும் எல்லை. முதல் குழு வாய்க்கால் வரை வந்து திரும்பிவிடும். இரண்டாம் குழு பெரிய சாலையிலிருந்து தொடங்கி வாய்க்காலை நோக்கி வரும், பொழுது சாய்ந்துவிடும். வாய்க்கால் கரையோரமாக, வரைபடம் போட்ட பிறகு முளைத்த பன்னிரண்டு குடிசைகள் இருக்கின்றன. முதல் குழு அதை மற்றவர்களுடையது என்று நினைக்கும். இரண்டாம் குழுவுக்கு அவை இருப்பதே தெரியாது. இரு தாள்களிலும் "பகுதி முடிந்தது" என்றுதான் எழுதியிருக்கும். இதனால்தான், எல்லையை ஒட்டிய இரு குழுக்களின் மேற்பார்வையாளர்களும் ஒன்றாக நடந்து, கடைசி வீடு எது என்று கைநீட்டிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்கிறேன். அந்தக் கடைசி வீட்டின் அடையாளத்தை இரு திட்டத் தாள்களிலும் எழுதச் செய்யுங்கள்.

பிறகு, வரைபடத்தில் வராத இடங்களுக்குத் தனிப் பட்டியல். கட்டுமானத் தொழிலாளர் கொட்டகைகள், செங்கல் சூளைகள், நாடோடிகள் தங்குமிடங்கள், அகதி முகாம்கள், ஆற்றுத் தீவுகள், பேருந்து நிலையங்கள், சந்தைகள், குழந்தைகள் காப்பகங்கள், தாய்மார் குழந்தைகளோடு இருக்கும் சிறைகள், மருத்துவமனை வார்டுகள். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போலியோ கடைசி வரை பிடிவாதமாக நின்றபோது, கோசி ஆற்று வெள்ளச் சமவெளி ஊர்களையும் இடம்பெயரும் தொழிலாளர் குடும்பங்களையும் தனியாகப் பட்டியலிட்டுப் பின்தொடர்ந்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததுதான் நாட்டின் கடைசி இயற்கை வைரஸ் வாதம். பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, எந்த நாள், எந்த நேரம் போனால் பிள்ளைகள் இருப்பார்கள் என்றும் எழுதுங்கள். பகல் முழுக்க வேலைக்குப் போய்விடும் குடியிருப்புக்குக் காலை பத்து மணிக்குக் குழு அனுப்பிப் பயனில்லை.

எல்லைக்கு அப்பால் இருக்கும் மாவட்டமோ நாடோ, அவர்களோடும் தேதியைப் பேசி ஒத்துவையுங்கள். மலாவி வைரஸுக்குப் பிறகு மொசாம்பிக், தான்சானியா, சாம்பியா ஆகிய அண்டை நாடுகளும் சேர்ந்தே முகாம் நடத்தின. பிறகு ஜிம்பாப்வேயும் சேர்ந்துகொண்டது.

மருந்துக் கணக்கும் குளிரும்

கணக்கில் ஒரு சிறு தவறு அடிக்கடி நடக்கிறது. 10,000 பிள்ளைகள், வீணாகும் அளவு 15 சதவீதம் என்றால், பலர் 10,000த்தோடு 15 சதவீதத்தைக் கூட்டி 11,500 டோஸ் கேட்கிறார்கள். 10,000த்தை 0.85ஆல் வகுக்க வேண்டும். விடை 11,765. வித்தியாசம் 265 டோஸ். கடைசி நாளில் கடைசித் தெருவில் மருந்து தீர்ந்துபோவது இப்படித்தான். 20 டோஸ் குப்பி என்றால் 589 குப்பிகள். இதுவும் மொத்தக் கணக்குதான். ஒரு குழுவுக்கு அன்றைக்கு ஆறரைக் குப்பி தேவையென்றால் ஏழு கொடுத்தாக வேண்டும். ஆகவே குழு வாரியாகக் கணக்கிட்டுப் பிறகு கூட்டுங்கள். என்ஓபிவி2 பெரும்பாலும் 50 டோஸ் குப்பியில் வருவதால் இந்தப் பின்னக் கணக்கு இன்னும் பெரிதாகத் தெரியும்.

சொட்டு மருந்து வெப்பத்தை அறவே தாங்காது. பெரிய கிடங்கில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ், உள்ளூர் நிலையத்தில் 2 முதல் 8 டிகிரி, தெருவில் ஐஸ் பேக் வைத்த கேரியர், அதாவது குழு கையோடு தூக்கிச் செல்லும் சிறு குளிர்பெட்டி. உறைந்தால் இதற்குக் கேடில்லை. ஊசி மருந்தோ உறைந்தால் கெட்டுவிடும். இரண்டையும் ஒரே முகாமில் கொடுத்தால் இந்த வேறுபாட்டைக் குழுக்களுக்கு இருமுறை சொல்லுங்கள்.

எல்லாரும் குப்பியை எண்ணுவார்கள், ஐஸ் பேக்கை எண்ண மறப்பார்கள். ஒரு கேரியருக்கு 4 வீதம், இன்று வெளியே ஒரு தொகுப்பு, நாளைக்காக ஃப்ரீசரில் ஒரு தொகுப்பு. 50 குழுக்கள் என்றால் 400 ஐஸ் பேக். அவை முழுதாக உறைய ஒரு நாள் முழுக்கவோ கூடுதலாகவோ ஆகும். உங்கள் ஃப்ரீசர் ஒரு நேரத்தில் எத்தனை தாங்கும் என்று பார்த்து, சில நாள் முன்னதாகவே தொடங்குங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விடை கையில் இருக்கட்டும்.

குப்பியில் ஒட்டியிருக்கும் வெப்பக் காட்டி, விவிஎம் என்று சொல்வார்கள், அதைப் படிக்க எல்லாரும் கற்றாக வேண்டும். ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வெப்பம் ஏற ஏறச் சதுரம் கருக்கும். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் இன்னும் கருத்துவிட்டாலோ, குப்பி நிறைய மருந்து இருந்தாலும் ஒதுக்கிவையுங்கள். பயிற்சியில் இதைப் படத்தில் மட்டும் காட்டாதீர்கள். உண்மையான குப்பியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆட்கள்

குழுவில் இரண்டு மூன்று பேர், அதில் ஒருவராவது அந்தத் தெருக்காரர், கூடுமானவரை பெண்கள். வெளி ஆண்கள் வீட்டுக்குள் போக முடியாத இடங்களில், உள்ளே தூங்கும் கைக்குழந்தையை எட்ட முடிவது பெண்களால்தான். நான்கைந்து குழுவுக்கு ஒரு மேற்பார்வையாளர். பயிற்சியில் விரிவுரையைக் குறைத்து, வாசலில் எப்படிப் பேசுவது என்று நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். வெயிலில் நாள் முழுக்க வீடு வீடாக நடப்பவருக்குப் பணம் மாதக்கணக்கில் தள்ளிப்போனால், அடுத்த சுற்றில் அந்த ஆள் வரமாட்டார். வந்தாலும் எல்லா வாசலையும் தட்டமாட்டார். கைப்பேசி வழியாக நேரடியாகக் கணக்கில் சேரும்படி செய்ய முடிந்தால் செய்யுங்கள். பெயர், எண் பட்டியலை முகாமுக்கு முன்பே சரிபார்த்து வைத்தால் பாதித் தாமதம் தீர்ந்துவிடும்.

மறுப்பும் வதந்தியும்

2003இல் வட நைஜீரியாவில், சொட்டு மருந்து மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்ற பேச்சு பரவி, சில மாநிலங்களில் முகாம்களையே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து வைரஸ் ஏறத்தாழ 20 நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

வதந்தி கிளம்பிய பிறகு ஓடுவதைவிட, முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே ஊரார் மதிக்கும் ஆட்களைத் தேடிப் போங்கள். மதத் தலைவர், மருத்துவச்சி, பள்ளி ஆசிரியை, மருந்துக் கடைக்காரர். அவர்களிடம் சுவரொட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து, அவர்களுக்கே இருக்கும் சந்தேகங்களைக் கேளுங்கள். மறுக்கும் பெற்றோரை "விவரம் தெரியாதவர்கள்" என்று எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். "குடிக்கத் தண்ணீர் இல்லை, மருத்துவமனையில் டாக்டர் இல்லை, இந்தச் சொட்டு மருந்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறீர்களே" என்று ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முடிந்தால் முகாமோடு சேர்த்து மற்றத் தடுப்பூசிகளையோ வைட்டமின் ஏ மருந்தையோ கொண்டு செல்லுங்கள். முடியாவிட்டால் அவர் குறையை எழுதிக்கொண்டு, உரியவரிடம் சேர்த்து, பதிலோடு திரும்பிப் போங்கள். திரும்பிப் போவதுதான் முக்கியம்.

மறுப்பின் காரணத்தைத் தாளில் பிரித்து எழுதினால் தீர்வும் பிரிந்து தெரியும். உடம்பு சரியில்லை என்றவரிடம் சுகாதார ஊழியர் போகலாம். அப்பா வந்துதான் சொல்ல வேண்டும் என்றவர் வீட்டுக்குச் சாயங்காலம் போகலாம். பக்கவிளைவு பயம் என்றவரிடம் மருத்துவரே போக வேண்டும்.

முகாம் நாட்கள்

அதற்கு முன் ஒரு முடிவு. 3 வாரம், 1 வாரம், 3 நாள் முன்னதாக ஒவ்வொரு பகுதியின் தயார்நிலையையும் பாருங்கள்: பயிற்சி முடிந்ததா, மருந்து வந்ததா, நுண்திட்டத்தை நேரில் நடந்து சரிபார்த்தார்களா. ஒரு பகுதி தயாராக இல்லையென்றால் அங்கே மட்டும் சில நாள் தள்ளிவைக்கும் துணிவு வேண்டும். அரைகுறையாக நடந்த சுற்று, நடந்ததாகவே கணக்கில் ஏறிவிடும். ஆனால் வைரஸ் நிற்காது. அதே சமயம், முழுமை வேண்டும் என்று வாரக்கணக்கில் இழுப்பதும் ஆபத்து. எனக்குத் தோன்றும் எல்லை ஒரு வாரம்.

இனி வாசலுக்குப் போவோம். பழக்கமில்லாத குழு கேட்கும் கேள்வி: "சொட்டு மருந்து போடாத குழந்தை இருக்கா?" சமையலிலோ வேலையிலோ இருக்கும் தாய் "இல்லை" என்று சொல்லிவிடுவார். கதை அங்கேயே முடிந்தது. பழகிய குழு இப்படித் தொடங்கும்:

"அம்மா, இந்த வீட்டுல எத்தனை குடும்பம் சமைச்சுச் சாப்பிடுறீங்க?"

"ரெண்டு. பின்னால என் கொழுந்தனார் குடும்பம்."

"ரெண்டு வீட்டுலயும் சேர்த்து அஞ்சு வயசுக்குள்ள எத்தனை பிள்ளைங்க?"

"மூணு. மூணுக்கும் காலையில பள்ளிக்கூடத்துக்கிட்ட போட்டுட்டாங்க."

"விரலைப் பார்க்கலாமா? சரி. ராத்திரி இங்க தங்கின விருந்தாளிப் பிள்ளை யாராவது? புதுசா பொறந்த குழந்தை?"

"என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கா. பொறந்து பத்து நாள்தான் ஆகுது, அதுக்குமா?"

"அதுக்கும்தான்மா. பொறந்த அன்னைக்கே கூடக் கொடுக்கலாம்."

இரண்டு நிமிடப் பேச்சு. பத்து நாள் குழந்தை ஒன்று கிடைத்துவிட்டது. தூங்கும் குழந்தை, இலேசாகக் காய்ச்சல் உள்ள குழந்தை, விளையாடப் போன குழந்தை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டு சொட்டு நாக்கில் விழுந்ததைப் பார்க்க வேண்டும். துப்பிவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு இடது கைச் சுண்டுவிரலில், நகமும் தோலும் சேரும் இடத்தில் மை வைத்துக் காயவிட வேண்டும். கடைசியாக வீட்டுச் சுவரில் குறி. இந்தியாவில் பழகிய முறை எளிமையானது: எல்லாப் பிள்ளைகளும் பெற்றுவிட்டால் பி, ஒரு பிள்ளை விடுபட்டாலும் எக்ஸ். எக்ஸ் வீடுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி போய் பியாக மாற்றுவார்கள்.

எக்ஸ் குறைவாக இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். ஒரு குழு நூறு வீட்டில் ஒன்றுகூட எக்ஸ் இல்லை என்றால், அந்தக் குழுவோடு மறுநாள் நீங்களே நடங்கள்.

மாலைக் கூட்டம் எந்தக் காரணத்துக்காகவும் தவறக்கூடாது. அங்கே நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "என் பகுதியில் நாற்பது பிள்ளைகள் விடுபட்டுப்போனார்கள்" என்று எழுந்து சொல்லும் மேற்பார்வையாளரைத் திட்டினால், நாளையிலிருந்து ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த நாற்பது பேருக்காக நாளைக் காலை யார் போவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.

குழுக்களின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. 2022 பிப்ரவரி 24 அன்று ஆப்கானிஸ்தானின் வடக்கே ஒரே நாளில் எட்டு ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். ஆபத்தான பகுதியில் எந்த நாள், எந்தப் பாதை என்பதை உள்ளூர்ப் பெரியவர்களோடு பேசி முடிவெடுங்கள். சூழல் சரியில்லை என்று ஊழியர் சொன்னால் அவர் சொல்தான் முடிவு. போர் நடக்கும் இடத்திலும் வழி உண்டு: எல் சால்வடாரில் உள்நாட்டுப் போருக்கு நடுவே 1985இல் பிள்ளைகளுக்கான தடுப்பு மருந்துக்காக இரு தரப்பும் சில நாட்கள் சண்டையை நிறுத்தின. காசாவில் 2024 ஜூனில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளில் இரண்டாம் வகை வைரஸ் கிடைத்தது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தைக்கு வாதம், 25 ஆண்டுகளில் முதல்முறை. செப்டம்பர் 1 முதல் 12 வரை நடுப்பகுதி, தெற்கு, வடக்கு என மூன்று கட்டமாக, பகுதி வாரியாகத் தாக்குதல் இடைநிறுத்தம் பேசி, சுமார் 5,60,000 பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

சரிபார்ப்பு

குழுக்கள் சொன்ன கணக்கை வைத்துக் குழுக்களை மதிப்பிட முடியாது. முகாமில் சேராத வெளி ஆட்கள் வந்து பார்க்க வேண்டும். பரவலாக உள்ள முறை இது: ஒரு பகுதியில் குலுக்கல் முறையில் 6 இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 10 பிள்ளைகள் வீதம் 60 பேருடைய விரலைப் பார்ப்பது. மை இல்லாதவர்கள் 3 பேர் வரை இருந்தால் அந்தப் பகுதி 90 சதவீத அளவில் தேறியது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் தேறவில்லை. தேறாத பகுதியில் மறுபடி முகாம் நடத்துங்கள், உடனே. பார்க்க வேண்டிய இடங்களை மேற்பார்வையாளர் தேர்ந்துகொடுக்கக் கூடாது. மை இல்லாத ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் காரணம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: குழு வரவேயில்லையா, வந்தபோது பிள்ளை இல்லையா, மறுத்தார்களா. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. "குழு வரவேயில்லை" என்பது அதிகம் இருந்தால் பிரச்சினை மக்களிடம் இல்லை. உங்கள் நுண்திட்டத்தில் இருக்கிறது.

சுற்று முடிந்த பிறகு

இரண்டாம் வகை மருந்து என்றால், திறந்தது, திறக்காதது, காலியானது என்று எல்லாக் குப்பிகளையும் எண்ணித் திரும்பப் பெறுங்கள். ஒரு குப்பிகூட உள்ளூர் ஃப்ரிட்ஜில் தங்கிவிடக் கூடாது. வழக்கமான தடுப்பூசி நாளில் யாராவது அதைத் தவறுதலாக எடுத்துப் போட்டால், சில பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து போய், மருந்துவழி வைரஸுக்கு நீங்களே வித்திட்டதாகிவிடும்.

கண்காணிப்பைத் தளரவிடாதீர்கள். 15 வயதுக்கு உட்பட்ட யாருக்காவது திடீரெனக் கை கால் துவண்டுபோனால், காரணம் எதுவாகத் தோன்றினாலும் அறிவிக்க வேண்டும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி, வாதம் தொடங்கிய 14 நாட்களுக்குள், குளிர்ச்சியில் வைத்து ஆய்வகத்துக்கு. போலியோ இல்லாத இடத்திலும் வேறு காரணங்களால் இப்படிப்பட்ட வாதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்காவது வரும். உங்கள் பகுதியிலிருந்து ஓர் அறிவிப்புகூட வரவில்லையென்றால் யாரும் தேடவில்லை என்று பொருள். மருத்துவமனைகளுக்கு மட்டுமில்லாமல் நாட்டு வைத்தியர், எலும்பு முறிவு வைத்தியர் வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவையுங்கள்; பல பெற்றோர் முதலில் போவது அங்கேதான். பரவல் முடிந்தது என்று சொல்ல, நல்ல கண்காணிப்பு இருக்கையில் குறைந்தது 12 மாதம் வைரஸ் எங்கும் கிடைக்காமல் இருக்க வேண்டும்.

இந்தச் சுற்றில் நீங்கள் கண்டுபிடித்தவர்களில், இதுவரை எந்தத் தடுப்பூசியும் பெறாத பிள்ளைகள் இருப்பார்கள். வாய்க்கால் கரைக் குடிசைகளில், செங்கல் சூளையில், பிரசவத்துக்குத் தங்கை வந்திருந்த வீட்டில். அவர்களுடைய பெயர், இடம், பெற்றோர் பெயரைப் பட்டியலாக எழுதி, அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் பொறுப்பாளர் கையில் நேரில் கொடுங்கள். அதன் பிரதி ஒன்றை அடுத்த சுற்றின் நுண்திட்டத்தில் முதல் தாளாக வையுங்கள்.